ஹாஷ் பிரவுனா, ஹோம் ஃப்ரைஸா? அமெரிக்கக் காலை உருளைக்கிழங்கு, முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்க டைனர்களில், அதாவது சாதாரணச் சிற்றுண்டி உணவகங்களில், காலையில் முட்டை சொன்னால் கூடவே உருளைக்கிழங்கும் தட்டில் வந்து உட்கார்ந்துவிடும். எந்த வடிவில் வரும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் பெரும்பாலும் ஹோம் ஃப்ரைஸ். வெந்த கிழங்கைத் துண்டு போட்டு வெங்காயத்தோடு வறுத்து, மேலே பாப்ரிகாத் தூள் (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி) தூவியிருப்பார்கள். தெற்கிலும் மேற்கிலும் ஹாஷ் பிரவுன்தான் ராஜா. பச்சைக் கிழங்கைத் துருவி, இரும்புக் கல்லில் பரப்பி, முறுகலாக எடுப்பது. தெற்கில் அதற்குப் போட்டி, சோள ரவைக் கஞ்சியான கிரிட்ஸ். சில கடைகளில் இரண்டு வறுவலும் உண்டு, எது வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டிலும் எது உசத்தி என்ற சண்டைக்கு அப்புறம் வருகிறேன். செய்யத் தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் எதிரி தண்ணீர்தான். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். ஹாஷ் பிரவுனில் தண்ணீரைப் பிழிந்து எடுக்கிறோம், ஹோம் ஃப்ரைஸில் அவித்து ஆவியாகப் போகவிடுகிறோம். வெட்டும் வடிவத்தைவிட இதுதான் பெரிய வித்தியாசம்.

எந்தக் கிழங்கு?

ஹாஷ் பிரவுனுக்கு ரஸ்ஸட். நீளமாக, சொரசொரப்பான பழுப்புத் தோலோடு இருக்கும். ஐடஹோ மாநிலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கிழங்கு. மாவுச்சத்து அதிகம் என்பதால் வெளியே முறுகும், உள்ளே பொலபொலவென்று வேகும். ஹோம் ஃப்ரைஸுக்கு யூகான் கோல்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-ல் வெளிவந்த மஞ்சள் சதைக் கிழங்கு. அவித்தாலும் ஓரம் உடையாது, வெண்ணெய் போடாமலே வெண்ணெய் மணம். இந்த ரகங்கள் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா? ஹாஷ் பிரவுனுக்குத் தோல் தடித்த பழைய கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். நகத்தால் சுரண்டினாலே தோல் உரிகிற புதுக்கிழங்கில் ஈரம் அதிகம், முறுகாது.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும், லேசான தித்திப்பும் தட்டும்.

ஹாஷ் பிரவுன், இரண்டு பேருக்கு

கிழங்கு 500 கிராம், உப்பு அரை டீஸ்பூன், மிளகுத் தூள், எண்ணெயோ நெய்யோ 3 டேபிள்ஸ்பூன். 10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் உத்தமம். வீட்டிலிருக்கும் கனமான தோசைக்கல்லும் போதும்.

1. தோலைச் சீவிவிட்டு, துருவியின் பெரிய கண்ணில் கிழங்கைப் படுக்கவைத்து நீளவாக்கில் துருவுங்கள். இழை நீளமாக வந்தால்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். துருவல் நேராகக் குளிர்ந்த தண்ணீருக்குள் விழட்டும். காற்றுப்பட்டால் முதலில் சிவக்கும், பிறகு சாம்பல் நிறமாகும்.

2. கையால் அளைந்து ஒரே ஒருமுறை அலசுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். அது மேலே ஒட்டியிருந்த மாவு. அலசாமல் விட்டால் பசைபோல இழுக்கும். தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருந்தால் இழைகளைச் சேர்த்துப் பிடிக்க ஒன்றுமே மிஞ்சாது. அதனால்தான் ஒருமுறை என்கிறேன்.

3. இப்போது பிழிய வேண்டும். இந்தப் படியில் சோம்பல் பட்டால் கிடைப்பது ஹாஷ் பிரவுன் அல்ல, வதக்கிய துருவல். பழைய மல் துணியில் துருவலைக் கொட்டி மூட்டையாகக் கட்டி, தொட்டியின் மேல் பிடித்து முறுக்குங்கள். முதலில் கொடகொடவென்று ஊற்றும், அப்புறம் சொட்டும், அப்புறம் நிற்கும். நின்றதும் விட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி முறுக்கினால் இன்னொரு ஈடு இறங்கும். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து உதறிப் பாருங்கள். இழைகள் தனித்தனியாக விழ வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது.

4. உப்பு, மிளகு சேர்த்துக் கலந்த கையோடு கல்லில் போட்டுவிட வேண்டும். உப்புப் போட்டு வைத்துவிட்டுப் போனைப் பார்க்கப் போனால், பாடுபட்டுப் பிழிந்த இடத்தில் மறுபடி தண்ணீர் ஊறி நிற்கும்.

5. சட்டியை மிதமான தீயில் நன்றாகச் சூடாக்கி, இரண்டு டேபிள்ஸ்பூன் நெய் விடுங்கள். வெறும் வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் பகுதி சீக்கிரம் கருகும். துருவலை அடை கனத்துக்கு, ஒரு சென்டிமீட்டர் போல, பரப்பி லேசாகத் தட்டிவிடுங்கள். இறுக்கி அழுத்தினால் ஆவி வெளியே வர வழியிருக்காது, நடுவில் களியாகிவிடும்.

6. இனி கை வைக்காமல் கவனியுங்கள். தொடக்கத்தில் சத்தம் பலமாக இருக்கும், மேலே ஆவி பறக்கும். ஐந்தாறு நிமிடம் கழித்து ஆவி குறைந்து, இரைச்சல் அடங்கி, பொடிப்பொடியாக வெடிக்கும் ஒலி மட்டும் கேட்கும். ஓரம் பழுப்பாகி, சட்டியை ஆட்டினால் முழு வட்டமும் சேர்ந்து நகரும். அதுவரை திருப்பியால் கிளறவே கூடாது. மூடியும் போடாதீர்கள், ஆவி திரும்ப உள்ளேயே சொட்டும்.

7. திருப்பப் பயமாக இருந்தால் ஒரு தட்டில் வழுக்கி இறக்கி, மீதி நெய்யைச் சட்டியில் விட்டு, தட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். மறுபுறத்துக்கு ஐந்து நிமிடம்.

ஹோம் ஃப்ரைஸ்

இதில் தப்புவதற்கு இடம் குறைவு. சமையலுக்கே புதியவர் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். முதல்நாள் அவித்த கிழங்கு மிச்சமிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆறிய கிழங்கில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் துண்டுகள் உடையாமல் வறுபடும்.

புதிதாகச் செய்வதானால் 500 கிராம் கிழங்கைத் தோலோடு 2 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். உப்பும் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் சேர்க்கவும். புளிப்பு இருந்தால் கிழங்கைக் கட்டிப்போட்டிருக்கும் பெக்டின் எளிதில் கரையாது, சதுரம் சதுரமாகவே நிற்கும். கொதி வந்து ஐந்தாறு நிமிடத்தில் கத்தி முனை லேசான எதிர்ப்போடு இறங்கும், அதுதான் பதம். வடிகட்டி, அகலத் தட்டில் கொட்டி ஆவி அடங்கும்வரை விடுங்கள்.

வெங்காயத்தைத் தனியாக வதக்கி எடுத்து வைத்துவிடுவது என் வழக்கம். கிழங்கோடு ஆரம்பத்திலேயே போட்டால், கிழங்கு சிவப்பதற்குள் வெங்காயம் கருகி நிற்கும். அதே சட்டியில் எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுத் திருப்பவும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் இரண்டு மூன்று பக்கமாவது சிவந்துவிடும். அப்போது வெங்காயத்தைச் சேர்த்து, தீயை அணைத்தபின் பாப்ரிகாத் தூளும் உப்பும் தூவுங்கள். பாப்ரிகா கொதிக்கும் எண்ணெயில் கசந்துவிடும்.

குடமிளகாய் பலர் போடுவார்கள். சிவப்பும் பச்சையுமாகக் குடமிளகாய் சேர்த்துப் பொடியாக நறுக்கிச் செய்தால் அதற்குப் பொட்டேட்டோஸ் ஓ'பிரையன் என்று தனிப் பெயரே உண்டு. பார்க்க அழகு. ஆனால் குடமிளகாய் விடும் தண்ணீரில் கிழங்கு நமுத்துப்போகும், எனக்கு ஒத்துவராது.

மற்றவை

அவித்த கிழங்கை வட்ட வில்லைகளாக அரிந்து வறுத்தால் காட்டேஜ் ஃப்ரைஸ். செய்முறை மேலே சொன்னதேதான். துரித உணவுக் கடைகளில் தாள் உறையில் தருகிற நீள்வட்டத் துண்டும் ஹாஷ் பிரவுன் என்றே விற்கப்படுகிறது. அச்சில் அழுத்தி, ஒருமுறை பொரித்து, உறைய வைத்து வருவது. வீட்டுச் செய்முறையில் அதே ருசியைத் தேடாதீர்கள். சின்னச் சின்ன உருளைகளாகப் பொரித்து வரும் டேட்டர் டாட்ஸும் அந்தக் குடும்பம்தான். ஓரிகன், ஐடஹோ எல்லையிலிருந்த ஓர்-ஐடா நிறுவனம், ஃபிரெஞ்சு ஃப்ரைஸ் வெட்டியபின் மிஞ்சும் சில்லுகளை வீணாக்காமல் 1953-ல் கண்டுபிடித்தது.

ஹாஷ் பிரவுனை இன்னும் விரிவாக ரசிக்க வேண்டுமென்றால் வாஃபிள் ஹவுஸ். 1955-ல் ஜார்ஜியா மாநிலத்தின் அவொண்டேல் எஸ்டேட்ஸில் தொடங்கிய இந்தக் கடையில் ஆர்டர் சொல்வதற்கே தனிப் பாஷை உண்டு. ஸ்கேட்டர்ட் என்றால் கல்லில் உதிர்த்துப் பரப்பியது, ஸ்மதர்ட் என்றால் வெங்காயத்தோடு, கவர்ட் என்றால் மேலே சீஸ். காளான், ஹாலப்பீன்யோ மிளகாய் என்று பட்டியல் நீளும். முதல்முறை போகிறவர் ஸ்கேட்டர்ட், ஸ்மதர்ட் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சீஸ் ஏறினால் முறுகலின் ஆயுள் இரண்டு நிமிடம்.

உசத்தி எது? சுடச்சுடச் சாப்பிட ஆள் காத்திருந்தால் ஹாஷ் பிரவுன், சந்தேகமே இல்லை. நாலைந்து பேர் ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹோம் ஃப்ரைஸ். அரைமணி நேரம் கிடந்தாலும் முகம் வாடாது. மஞ்சள் கரு ஒழுகும் முட்டைக்கும் ஹோம் ஃப்ரைஸ்தான் ஜோடி, துண்டால் தொட்டு வழித்துச் சாப்பிடலாம். ஹாஷ் பிரவுன் செய்த அன்று முட்டையைப் பக்கத்தில் வையுங்கள், மேலே வைக்காதீர்கள். கெட்ச்சப்புக்கும் அதே விதி.

மிஞ்சினால் இரண்டையும் எண்ணெய் விடாத கல்லில் சிறு தீயில் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.