சிங்கப்பூரின் வருமான ஏற்றத்தாழ்வு: கினி எண்ணை நாமே கணக்கிடுவோம்

வருமானம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பிரிந்திருக்கிறது என்பதை அளக்கும் எண்தான் கினி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் கினி 0. மொத்தமும் ஒருவர் கையிலேயே இருந்தால் 1-ஐ நெருங்கும்.

எக்செலைத் திறந்து ஐந்து பேரின் மாத வருமானத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள்: 1,000, 2,000, 3,000, 4,000, 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பக்கத்தில் 1 முதல் 5 வரை வரிசை எண். ஒவ்வொரு வருமானத்தையும் அதன் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 80,000. அதை இரட்டித்து, 5 × 20,000-ஆல் (ஆள் எண்ணிக்கை × மொத்த வருமானம்) வகுத்தால் 1.6. ஆள் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அதே எண்ணிக்கையால் வகுங்கள்: 6/5, அதாவது 1.2. 1.6-இலிருந்து இதைக் கழித்தால் 0.4, அதுதான் கினி. நான் முதல்முறை தலைகீழாக வரிசைப்படுத்திவிட்டு, -0.4 என்று வந்ததைப் பார்த்து முழித்தேன்.

இப்போது 10,000 வாங்குபவரிடம் 1,000 வெள்ளி வரி பிடித்து, 1,000 மட்டுமே வாங்குபவருக்குக் கொடுங்கள். கினி 0.32 ஆகிவிடும்.

சரி, நிஜ எண்களுக்கு வருவோம். சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை குடும்பத்தின் வேலை வருமானத்தை எடுத்து, தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிறது. ஊழியரின் மத்திய சேம நிதிக்கு (கட்டாயச் சேமிப்புத் திட்டம்) முதலாளி செலுத்தும் பங்கும் இதில் சேரும். நாலு பேர் உள்ள வீட்டில் 8,000 வெள்ளி வந்தால், தலைக்கு 2,000தான்.

இந்தக் கணக்கில் 2007-இல் கினி 0.482, 2023-இல் 0.433. வரியையும் அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்த்தால் 2023-இல் 0.371. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: 0.482-ஐ 0.371-உடன் ஒப்பிட்டு "எவ்வளவு குறைந்துவிட்டது!" என்கிறார்கள். ஒன்று வரிக்கு முந்தையது, மற்றது பிந்தையது. ஒரே வரையறையில் பார்த்தால் 0.049 மட்டுமே குறைந்திருக்கிறது.

அப்புறம், யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள். சூத்திரத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் தலைமையிலான, ஒருவராவது வேலைக்குப் போகும் வீடுகள் மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளன. தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் கணக்கிலேயே இல்லை. வேலையில்லாத முதியவர்கள் தனியாக வாழும் வீடும் இல்லை.

நம் முதல் பட்டியலுக்குத் திரும்பி, மேலே 800 வெள்ளிக்காரர் ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள். வரிசை எண்களை மாற்ற மறக்காதீர்கள், 6/5 இப்போது 7/6. மற்ற ஐவரின் வருமானம் ஒரு காசுகூட மாறவில்லை. கினி 0.45-ஐத் தொடுகிறது.