'காஸ் முடிஞ்சுபோச்சு' என்று சொல்ல முதல்: பழைய போத்தல் கூலர் திருத்துவோர் விடும் பிழைகள்

சோடா குளிரவில்லை என்றதும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "காஸ் முடிஞ்சுபோச்சு, அடிச்சு விடுங்கோ." ஓட ஓடத் தீர்வதற்கு அது பெற்றோல் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. குறையவில்லையென்றால் கோளாறு வேறிடத்தில். காசு போட்டால் போத்தல் தள்ளும் மிசினின் அடியில் இருப்பதும் இதே அமைப்புத்தான்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் ஏ9 ஓரத்திலும் ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கக் கடைகளிலும் முதலில் பார்க்க வேண்டியது காஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர். செம்பாட்டுப் புழுதி தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அப்பிக்கொள்ளும். சூடு வெளியேறாது, காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் கூடுதல் அம்பியர் இழுத்து, கறண்டை வெட்டிக் காக்கும் ஓவர்லோட் விழுந்து, நின்று நின்று ஓடும். பிளக்கைக் கழற்றி, மென்மையான பிறஷால் தகட்டின் வாட்டத்திலேயே துடைத்து, பிறகு ஊதுங்கள். முதலிலேயே ஊதினால் புழுதி உள்ளே இறுகிவிடும். கண்டன்சர் காற்றாடி சுற்றுகிறதா, கதவு றப்பர் ஒரு தாளை இறுக்கிப் பிடிக்கிறதா என்பதையும் பாருங்கள். பல 'காஸ்' கோளாறுகள் இங்கேயே தீர்ந்துபோகும்.

அடுத்தது கறண்ட். லைன் முடிவிலுள்ள கடைகளில் மாலையானால் 230 வோல்ட் வராது. 200க்குக் கீழே இறங்கும்போது கம்ப்ரசர் தொடங்க முடியாமல் உறுமி நிற்கும். கம்ப்ரசரைத் தொடக்கிவிடும் றிலேயைக் கழற்றி, கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் ஓம் மீற்றரால் அளந்து பாருங்கள். பொது முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் வரும் அளவுகளைக் கூட்டினால், அந்த இரண்டுக்குமிடையிலான அளவு வர வேண்டும். 12, 20 என்றால் 32. எந்த முனையாவது கம்ப்ரசரின் வெளி உடம்போடு தொடுப்பு காட்டினால் கம்ப்ரசர் போய்விட்டது. காஸ் அடித்துப் பயனில்லை. நின்ற கம்ப்ரசரை 5 நிமிடமாவது விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்து, குளிர்ச்சுருளின் தொடக்கத்தில் மட்டும் பனி படிந்து, அம்பியரும் குறைவாக இருந்தால்தான் காஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். அப்போது ஓட்டையைத் தேடாமல் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பது. ஒட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய்க்குள் நைதரசனை 150 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை ஏற்றிச் சவுக்கார நுரை பூசுங்கள். கைவசம் வெல்டிங் ஒட்சிசன் இருக்கிறதென்று அதை ஏற்றாதீர்கள்: அழுத்தத்தில் உள்ள ஒட்சிசனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். செம்போடு செம்பை ஒட்டப் பொசுபரசுக் கம்பி போதும். செம்பை இரும்புக் குழாயோடு ஒட்ட வெள்ளிக் கம்பியும், ஒட்டுப் பிடிக்க உதவும் பிளக்ஸும் வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு சில மாத அதிர்விலேயே கீறல் விட்டுவிடும்.

குழாயைத் திறந்தால் ஈரத்தைப் பிடிக்கும் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. ஆர்134ஏ என்ற காஸில் ஓடும் கூலரின் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இனம். மாரியில் ஒரு மணித்தியாலம் திறந்து கிடந்தாலே கெடுதல். உள்ளே நின்ற ஈரம் கபிலரி என்ற மெல்லிய குழாயின் முனையில் ஐஸாகி அடைக்கும். நன்றாகக் குளிர்ந்துவிட்டுத் திடீரென்று நின்று, அந்த முனையில் சுடுதண்ணீர்த் துணி வைத்ததும் 'உஸ்' என்று திரும்ப ஓடினால் அது ஈரம்தான். சிலர் கூலரின் கம்ப்ரசராலேயே காற்றை இழுத்து வெளியே விடுவார்கள். அது வக்கூம், அதாவது வெற்றிடம், ஆகாது. நல்ல பம்பால், வக்கூமை அளக்கும் மீற்றரில் 500 மைக்ரோனுக்கு இறக்கி, பம்பை மூடி, கால் மணித்தியாலம் பாருங்கள். அளவு ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். நிற்காமல் ஏறினால் ஓட்டை.

காஸை அளப்பது தராசு, கை உணர்வு அல்ல. பின்தகட்டில் 200 கிராம் என்றிருந்தால் 200 கிராம்தான். காஸ் போத்தலை நேராக நிறுத்தி ஆவியாக, தாழ் அழுத்தப் பக்கத்தால், சிறிது சிறிதாக விடுங்கள். 20 கிராம் கூடினாலும் திரும்பி வரும் குழாயில் கம்ப்ரசர் வரை பனி பிடிக்கலாம். திரவம் திரும்பினால் கம்ப்ரசர் வால்வு உடையும். தகடு அழிந்திருந்தால் தாழ் பக்கம் 10 முதல் 15 பி.எஸ்.ஐ.க்குள், குளிர்ச்சுருள் முழுவதும் ஒரே சீராகப் பனி என்பதை அடையாளமாகக் கொள்ளலாம். இது ஆர்134ஏக்கு மட்டும். தகட்டில் ஆர்600ஏ என்ற, தீப்பற்றும் காஸின் பெயரும் தீச்சின்னமும் இருந்தால் அளவு பாதிக்கும் குறைவு. திறந்தவெளியில் காஸை விட்டு, நைதரசனால் கழுவிய பிறகல்லாமல் நெருப்பு வைக்கக் கூடாது.

சமையல் காஸை ஆர்134ஏ கூலருக்கு ஏற்றும் வேலையும் நடக்கிறது. அது குளிரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கூலரின் றிலேயும் தேமோஸ்டற்றும் ஒவ்வொரு முறையும் பொறி தட்டுபவை. காஸ் காற்றைவிடப் பாரம். இரவு பூட்டிய கடையில் ஒழுகினால் நிலத்தோடு தேங்கி நிற்கும்.

கடைசியாக, காஸ் ஏற்றுவதற்காகக் குழாயில் துளையிட்டுப் பொருத்திய வால்வை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதன் றப்பர் காய்ந்து மறுபடி ஒழுகும். குழாயை நசுக்கி ஒட்டி மூடி, ஏற்றிய காஸின் பெயரையும் கிராமையும் திகதியையும் பின்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.