பிள்ளைகள் கையால் கிறிஸ்மஸ் பரிசு: நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே கிறிஸ்மஸ் பரிசு செய்யலாம் என்று டிசம்பர் 20ஆம் தேதி முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. முதல் காரணம் அரையாண்டுத் தேர்வு. அது முடியவே பெரும்பாலும் 23ஆம் தேதி ஆகிவிடும். அடுத்தது மழை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வருஷம் முழுக்க வெயில் கொளுத்தும், ஆனால் பெய்கிற மழையில் பெரும்பங்கு அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி வருஷங்களை விடுங்கள், சாதாரண மழை வருஷத்திலேயே பசை காயாது, பெயின்ட் காயாது, சுட்ட பலகாரம் நமத்துப்போகும். நெட்டில் பார்க்கிற கைவேலை வீடியோக்களில் பாதி, குளிருக்கு ஹீட்டர் போட்ட வறண்ட வீடுகளில் எடுத்தவை. அதை அப்படியே இங்கே செய்து பார்த்துவிட்டு "நமக்கு வரவில்லை" என்று பிள்ளைகள் முகம் சுருங்குவதில் அர்த்தமில்லை.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே கணக்குதான். கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறு அடங்கிய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். காய வேண்டியது, ஒட்ட வேண்டியது, தைக்க வேண்டியது எல்லாம் அந்த ஞாயிறுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பரீட்சை முடியும் வரை பெரிய வேலை எதுவும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மெழுகுவர்த்தி மட்டும். மூன்று ஊதா, ஒரு ரோஸ், ரோஸ் மூன்றாவது ஞாயிறுக்கு. ஏற்றுவது யார் என்று சண்டை வரும், அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிள்ளை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்காவது ஞாயிறு தாத்தாவுக்கு.

யாருக்கு என்ன செய்வது என்று பட்டியல் போடும்போது பெரியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பார்க்க அழகாக இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிள்ளைக்கு வராத இடத்தையெல்லாம் தானே செய்து முடிப்பார்கள். கடைசியில் பிள்ளை செய்தது பெயர் எழுதியது மட்டும், அதுவும் அம்மா கையைப் பிடித்து எழுதவைத்தது. பிள்ளையால் தனியாக எது முடியுமோ அதைப் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள், கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஆச்சிக்கு அந்தக் கோணல்தான் வேண்டும்.

மூன்று வயதுக்கு வெண்டைக்காய் அச்சைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. முற்றல் வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து முனை, நட்சத்திரத்துக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு உருவம். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு தட்டில் ஈரத்துணியை மடித்துப் போட்டு அதன்மேல் போஸ்டர் கலரை ஊற்றிப் பரப்பினால் ஸ்டாம்ப் பேட் தயார். நேராகக் கலரில் தோய்த்தால் பிள்ளை மொத்தக் காயையும் முக்கிவிடும், அச்சு விழாது, கறைதான் விழும். பழுப்புத்தாளிலோ பழைய செய்தித்தாளிலோ குத்தவிடுங்கள். அதுதான் எல்லாப் பரிசுக்கும் சுற்றுத்தாள், கடையில் தனியாக வாங்க வேண்டாம். ஃபேனுக்கு அடியில் கொடி கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டால் காய்ந்துவிடும்.

ஆறு ஏழு வயதுக்கு மரத்தில் தொங்கவிடும் பொம்மைகள். பலரும் சொல்வது மைதாவும் உப்பும் பிசைந்த மாவு. அது வேண்டாம் என்பேன், ஏனென்றால் உப்பு ஈரத்தை இழுக்கும், நம் ஊர் டிசம்பர் காற்றில் அந்தப் பொம்மை வியர்த்து நசநசவென்று ஆகிவிடும், எறும்பும் வரும். அதற்குப் பதிலாக இரண்டு கப் சமையல் சோடா, ஒரு கப் கார்ன்ஃபிளார், ஒன்றேகால் கப் தண்ணீர். மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடி கனமான பாத்திரத்தில் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று திரண்டு மசித்த உருளைக்கிழங்குப் பதத்துக்கு வரும். அப்போதே இறக்கிவிட வேண்டும், விட்டால் உதிரியாகி வெடிப்பு விழும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவைத்து, சப்பாத்தி மாதிரி பிசைந்து, கால் அங்குலத் தடிமனுக்குத் தேய்த்துப் பிள்ளையிடம் கொடுங்கள். டப்பா மூடி, டம்ளர் விளிம்பு எது கிடைத்தாலும் அச்சுதான். நூல் கோர்க்க ஸ்ட்ராவால் ஓட்டை போடுவதை மறந்தால் காய்ந்த பிறகு ஒன்றும் செய்யமுடியாது. வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். வெள்ளை வெளேரென்று வரும், கலர்கூடத் தேவையில்லை. சோடா மளிகைக்கடைச் சின்னப் பாக்கெட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது, பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் அரைக்கிலோவாகக் கேளுங்கள். கடைக்குட்டி கடித்துப் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவும் சோடா.

ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு ஊசி கொடுக்கலாம். பையனாக இருந்தாலும்தான், அதையும் சொல்லவேண்டியிருக்கிறது. பழைய பட்டுப்பாவாடை, கிழிந்த சேலையின் முந்தி, ஏதோ ஒன்றில் ஒரு சாண் நீளத்துண்டு. இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் ஓட்டுத்தையல், வாய்ப்பக்கம் மடித்துத் தைத்து நாடா கோர்த்தால் சுருக்குப்பை. ஆச்சிக்கு வெற்றிலைக்கு, அத்தைக்கு ஜெபமாலை வைத்துக்கொள்ள, சித்திக்குச் சில்லறைக்கு. தையல் பெரிதாக விழுந்தால் காசு ஒழுகும், அதனால் அதே வழியில் இரண்டாம் தடவை திரும்பி ஓட்டச் சொல்லுங்கள், முதல் ஓட்டத்தின் இடைவெளியெல்லாம் மூடிவிடும்.

மழை உதவி செய்கிற பரிசும் ஒன்று உண்டு, கற்பூரவல்லி. நவம்பர் தொடக்கத்தில் நான்கு விரல் நீளக் கொம்பு ஒடித்து, கண் திறந்த தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பி ஊன்றிவிட்டால் போதும், கிறிஸ்மஸ் வருவதற்குள் துளிர்விட்டு நிற்கும். சளி பிடிக்கிற மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதைவிட உபயோகமான பரிசு என்ன இருக்கிறது. பிள்ளை தண்ணீர் ஊற்றுகிறேன் என்று முழுக்க முக்கிவிடும், அதனால் சிரட்டையை மழை நேராக விழாத தாழ்வாரத்தில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மூடி தண்ணீர் என்று சொல்லிக்கொடுங்கள்.

ஒன்றுமே செய்ய வராத பிள்ளைக்குச் சீட்டு எழுதும் பரிசு இருக்கிறது. "தாத்தாவுக்குக் கால் அமுக்கிவிடும் சீட்டு", "அம்மா கேட்டதும் வாயைத் திறக்காமல் கடைக்குப் போகும் சீட்டு". பத்துச் சீட்டு, ஒரு நூலில் கட்டியது. முடிவு தேதி போடவைக்காதீர்கள், எங்கள் தாத்தா ஏப்ரல் வெயிலில் ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். இன்னொன்று, கொஞ்சம் எழுதத் தெரிந்த பிள்ளை ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து அவர் சமையலைக் கேட்டு நோட்டில் எழுதுவது. ஆச்சி "கண் அளவுதான்" என்பார். விடாமல் எந்தக் கரண்டி, எத்தனை கரண்டி என்று கேட்கச் சொல்லுங்கள். துபாயிலோ கனடாவிலோ இருக்கும் அத்தைக்கு அந்த நோட்டை நகல் எடுத்து அனுப்பினால் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும் அவர்களுக்கு. தபாலில் போவதென்றால் நவம்பர் நடுவிலேயே கட்டிவிட வேண்டும்.

சொந்தக்காரர்கள் அதிகமென்றால் எல்லோருக்கும் எல்லோரும் செய்ய முடியாது. பள்ளிகளிலும் ஆபீஸ்களிலும் விளையாடுகிற கிறிஸ் மா, கிறிஸ் சைல்டை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். பெயரை எழுதிக் குலுக்கிப்போட்டு ஆளுக்கு ஒன்று எடுப்பது, யார் பெயர் வந்ததோ அவருக்குத் தெரியாமல் பரிசு செய்வது. விதி ஒன்றே ஒன்று, காசு கொடுத்து வாங்கக்கூடாது. சின்னப் பிள்ளை ரகசியம் காக்காது என்பது தெரிந்ததுதான், அத்தை தெரியாத மாதிரி நடித்துக்கொள்வார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேப்பர் போடும் பையன், பால்காரர், தெருவைச் சுத்தம் செய்கிறவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இவர்களுக்குப் பிள்ளை செய்த பொம்மையை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். வழக்கமான பணமும் பலகாரமும் கொடுத்து, கூடவே அதையும் கொடுங்கள். பண்டிகைக்கு அவர்களுக்கும் செலவு இருக்கிறது.

இனி பரீட்சை முடிந்த பிறகு. கையில் இருப்பது இரண்டே நாள், ஸ்டார், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில், பலகாரம் மூன்றும் அதற்குள். குடிலுக்கான புல்லை மட்டும் 14, 15ஆம் தேதியே விதைத்திருக்க வேண்டும். கோதுமையை ஒரு ராத்திரி ஊறவைத்து, அகலத்தட்டில் மண் பரப்பித் தூவினால் பத்து நாளில் ஒரு சாண் வரை வரும், கேழ்வரகு அதைவிடக் குட்டையாக, மெத்தென்று இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குக்கூடக் காலையில் தண்ணீர் தெளிக்க ஒரு நிமிஷம் கிடைக்கும். இந்தக் குடில் பழக்கத்தை 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் புனித பிரான்சிஸ்தான் தொடங்கிவைத்தார் என்பார்கள். அவர் வைத்தது சுரூபங்கள் (சிலைகள்) அல்ல, வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் தெருநாயைக் குடிலுக்குள் கட்டலாமா என்று கேட்பார்கள், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இயேசுவை மட்டும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகு, வீட்டிலேயே சின்ன பிள்ளை வைக்கட்டும். குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களை வீட்டின் மறுகோடியில், ஃபிரிட்ஜ் மேலே நிறுத்திவிடுங்கள். தினம் கொஞ்சம் நகர்ந்து ஜனவரி 6 வாக்கில்தான் அவர்கள் குடிலுக்கு வந்துசேர வேண்டும். பண்டிகை 25ஆம் தேதியோடு சப்பென்று முடிந்துபோகாமல் இருக்க இது நல்ல உபாயம்.

ஸ்டாருக்கு மூன்றடி நீள மூங்கில் சிம்பு பத்து. ஐந்தை வைத்து ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்று, அதேபோல இன்னொன்று, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையிலும் கட்டி, உள்ளே சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் அரையடிக் குச்சியை இடையில் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். கட்டுவது அப்பா அல்லது மாமா வேலை, காகிதம் ஒட்டுவது பிள்ளைகள் வேலை. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், குழந்தைகள் ஒட்டும் பசையில் வேண்டவே வேண்டாம். உள்ளே எல்.இ.டி. பல்பு போதும், பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் பொசுங்கும். மேலே பாலித்தீன் உறை. வெளியில் தொங்குகிற வயரின் இணைப்பில் மழை படக்கூடாது, அதைப் பெரியவர் ஒருவர் பார்த்தபிறகே சுவிட்ச்.

பலகாரத்தில் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் பெரியவர்களுடையது, கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகளுக்கு வேலையில்லை. கல்கல் அவர்களுடையது. இரண்டு கப் மைதா, அரைக் கப் பொடித்த சர்க்கரை, ஒரு பெரிய கரண்டி உருகிய வெண்ணெய், சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் அரைக் கப் வாக்கில் பிடிக்கும். அரைமணி நேரம் மூடிவைத்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும், வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். புதுச் சீப்பு ஒன்றைக் கழுவியும் வைத்துக்கொள்ளலாம், வரி இன்னும் நெருக்கமாக விழும். சுருட்டியதை ஈரத்துணியால் மூடாவிட்டால் மேல்தோல் காய்ந்து எண்ணெயில் பிரிந்துகொள்ளும். மிதமான தீயில் பொன்னிறம். ஆறுவதற்கு முன் டப்பாவில் போட்டால் மறுநாளே நமத்துவிடும்.

தட்டில் எடுத்துக்கொண்டு தெருவில் கொடுக்கப் போவது பிள்ளைகளாக இருக்கட்டும். தீபாவளிக்கு முறுக்கும் பெருநாளுக்குப் பிரியாணியும் எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். சைவ வீடுகளுக்கு முட்டை சேர்த்த கேக் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கல்கல் அங்கேயும் செல்லும்.

வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸில் முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா ராத்திரி பதினொரு மணிக்கு மேளத்தோடு வீட்டுக்குள் குதித்து ஆடினால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை அலறத்தான் செய்யும். தைரியம் வரட்டும் என்று தூக்கிக் கையில் கொடுக்காதீர்கள். முடிந்தால் பகலிலேயே அந்த அண்ணன் முகமூடியை மாட்டிக் கழற்றுவதைப் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள்.

ராஜாக்கள் வந்துசேர்ந்த மறுநாள் குடிலைப் பிரிக்கலாம். புல் ஆட்டுக்கு. சோடாப் பொம்மைகளைத் துணியில் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில், ஒரு சின்னப் பையில் அரிசி போட்டு வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். ஸ்டாரின் காகிதத்தைக் கிழித்துவிட்டு மூங்கிலை மட்டும் பரணில் வையுங்கள், தரையில் வைத்தால் கரையான் விடாது. அடுத்த கிறிஸ் மா சீட்டையும் அன்றைக்கே குலுக்கிவிடலாம், தைக்கிற பிள்ளைக்குக் கோடை விடுமுறை முழுக்கக் கிடைக்கும்.