வீட்டில் பிபி அளந்ததில் நான் செய்த தவறு

வீட்டு பிபி மெஷினில் தினமும் 148/94 என்று வரவே பயந்துபோனேன். மருத்துவர் மாத்திரை எழுதும் முன், எப்படி அளக்கிறேன் என்று செய்துகாட்டச் சொன்னார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. படியேறி வந்த வேகத்தில், கையைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே அளந்திருக்கிறேன். மெஷினோடு கையில் சுற்றும் பட்டையும் என் கைக்குச் சிறியது. சிறிய பட்டை அளவைக் கூட்டித்தான் காட்டும்.

இப்போது 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, 2 முறை அளந்து குறித்துக்கொள்கிறேன். 126/80 பக்கம் நிற்கிறது. 120/80-க்குக் கீழ் இயல்பு. வீட்டில் தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் அழுத்தம். 90/60-க்குக் கீழ் போய்த் தலைசுற்றினால் அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். என்னுடையது இயல்புக்கும் உயர் அழுத்தத்துக்கும் இடையில் இருப்பதால் உப்பைக் குறைத்திருக்கிறேன். அப்புறம் அந்தக் குறிப்பேட்டோடுதான் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.