கியூ இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஸ்கிராபிள் (எழுத்துக் காய்களை அடுக்கி வார்த்தை அமைக்கும் ஆட்டம்), வேர்டில் (ஐந்தெழுத்து வார்த்தையை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டு), குறுக்கெழுத்து, பிள்ளைகளின் ஹோம்ஒர்க் என்று ஏதோ ஒன்றுக்காக "இந்த எழுத்து இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை" தேடாதவர்கள் குறைவு. தேடினால் நீளமாக ஒரு பட்டியல் வந்து விழும், வேண்டியது மட்டும் அதில் இருக்காது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எழுத்தைத் தேட வேண்டிய இடத்தில் நாம் ஒலியைத் தேடுகிறோம்.

தமிழ் வாசித்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வரும். இங்கிலீஷில் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். 'என்' என்ற இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும் வார்த்தை கேட்டால் நைஃப் என்று எழுதிக் கொடுப்பது இப்படித்தான், அது கே-யில் தொடங்குகிறது. லாஃப், எனஃப் இரண்டிலும் எஃப் என்ற எழுத்தே கிடையாது. சைலம், ஜெனான் இரண்டும் எக்ஸில் தொடங்குபவை, காதில் விழுவதோ இசட். ரோஸில் இசட் கேட்கிறது, எழுதுவது எஸ். "உயிரெழுத்தே இல்லாத வார்த்தை" என்று தேடுகிறவர்களும் இங்கேதான் குழம்புகிறார்கள். ரிதம் என்ற வார்த்தையில் ஏ, இ, ஐ, ஓ, யு எதுவும் இல்லை, உயிரொலியை ஒய் பார்த்துக்கொள்கிறது. வேல்ஸ் மொழியிலிருந்து வந்த 'கூம்' இன்னும் ஒரு படி மேல்: சி, டபிள்யூ, எம், அவ்வளவுதான். பனியாறு குடைந்து உண்டாக்கிய கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு என்று பொருள், எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கடந்து போகும் ஒரு பகுதிக்கே அந்தப் பெயர் உண்டு.

சரி, கியூவுக்கு வருவோம். கியூ வந்தால் பின்னாலேயே யு வந்தாக வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது பாதி உண்மைதான். ஸ்கிராபிளில் கியூ ஒரே ஒரு காய், 10 புள்ளி. யு இருப்பதோ நான்கே காய்கள், அது கைக்கு வரும் என்று கியூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆட்டம் போய்விடும். யு இல்லாத கியூ வார்த்தைகளில் பலவும் அரபியிலிருந்து வந்தவை, அங்கே தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு ககர ஒலியை கியூ போட்டு எழுதுகிறார்கள். நிகாப், புர்கா, தலாக் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதானே, மூன்றையும் கியூ போட்டு எழுதலாம். நாம் பக்கிரி என்கிறோமே, அந்த ஃபகீரையும்கூட. கே போட்ட புர்காவும் ஃபகீரும் தனியாக உண்டு, ஆனால் கையில் கியூவை வைத்துக்கொண்டு தவிக்கிறவருக்கு அது எதற்கு? இவை தவிர, சூக் என்றால் அரபு நாட்டுச் சந்தை, கனாத் என்றால் ஈரான் பக்கத்தில் நிலத்தடியில் வெட்டிய நீர்க்கால்வாய், காத் என்றால் ஏமனில் மெல்லும் இலை. எல்லாவற்றையும்விடச் சின்னது சீனத்திலிருந்து வந்த 'ச்சீ', கியூவும் ஐயும் மட்டும், உடலில் ஓடும் உயிராற்றல் என்று பொருள். இதை ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தாலே பல ஆட்டங்களில் தப்பிக்கலாம். கத்தார், ஈராக் இரண்டையும் வைக்க நினைக்காதீர்கள், ஊர்ப் பெயருக்கு அங்கே இடமில்லை.

அடுத்தது, எந்த அகராதி என்று பார்க்காமல் பட்டியலை நம்புவது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஸ்கிராபிள் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல், வட அமெரிக்காவில் வேறு பட்டியல். இசட், ஓ இரண்டும் சேர்ந்த வார்த்தை காலின்ஸில் செல்லும், அங்கே செல்லாது. வேர்டில் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் ஓடுகிறது. 2022 பிப்ரவரியில் ஒரு நாள் 'ஹியூமர்' விடையாக வந்தபோது, அதை இரண்டாவது யு சேர்த்து ஆறெழுத்தாக எழுதிப் பழகிய பிரிட்டன்காரர்கள் கடுப்பானார்கள்.

தேடும் பெட்டியில் என்ன போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சி, ஏ, ஆர் என்று போட்டால் ஒரு தளம் மூன்றும் அதே வரிசையில் ஒட்டி வருகிற ஸ்கார்ஃப், கார்பெட் மாதிரியான வார்த்தைகளைத் தரும், இன்னொன்று எப்படிக் கலைந்திருந்தாலும் சரி என்று கிரீமையும் ரேஸையும் தரும். கேள்விக்குறி இன்னும் மோசம்: குறுக்கெழுத்துத் தேடலில் அது தெரியாத ஒரு கட்டம், ஸ்கிராபிள் தேடலில் அது எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காய். சாட்பாட்டைக் கேட்கிறீர்கள் என்றால் வந்த வார்த்தையில் எழுத்துகளை நீங்களே ஒருமுறை எண்ணிவிடுங்கள். அவை வார்த்தையை எழுத்து எழுத்தாக இல்லாமல் துண்டு துண்டாகக் கையாளுகின்றன, ஸ்ட்ராபெரியில் மூன்று ஆர் இருக்க, இரண்டு என்று சாதித்த கதை ஊரறிந்தது.

வேர்டிலில் ஓர் எழுத்து ஒருமுறைதான் வரும் என்று நினைப்பது பலருக்கு முயற்சிகளைத் தின்றுவிடுகிறது. 'லெவல்' போட்டு ஒரு எல் மஞ்சளாகவும் (எழுத்து உண்டு, இடம் வேறு) மற்றது சாம்பலாகவும் (இல்லை) வந்தால், இரண்டாவது எல் இல்லை என்றுதான் பொருள், எல்லே இல்லை என்று அல்ல. அப்புறம் அந்த 'ஐட்' பொறி: ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், கூடவே எய்ட், எல்லாவற்றிலும் கடைசி நான்கு எழுத்து ஒன்றே. வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடும். 'ஃபிலிம்ஸ்' என்று ஒன்றைப் போட்டால் எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் தெரிந்துவிடும் (தெரிந்த எழுத்துகளை மறுபடியும் போட்டே ஆக வேண்டிய ஹார்ட் மோடில் இது நடக்காது).

பொருள் பார்க்கிற இடத்தில் அவசரம் வேண்டாம். விளையாட்டுக்கு மட்டும் என்றால் பொருளே தேவையில்லை, நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். வார்த்தையைக் கற்றுக்கொள்ளத் தேடுகிறவர்கள் அப்படிப் போக முடியாது. 'சாம்பார்' என்று பட்டியலில் பார்த்ததும் நம்மூர்க் குழம்பு என்று கடந்துவிடுவோம், பல இங்கிலீஷ் அகராதிகளில் அது கடமான். தெரிந்த வார்த்தையே ஏமாற்றும்: 'ஃபவுண்ட்' என்பது 'கண்டுபிடித்தான்' மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தைத் தொடங்கு என்ற தனி வினையும் அதுவே. இந்த இடத்தில் மட்டும் ஒலியையும் கேட்டுப் பாருங்கள். டபிள்யூ, ஓ, யு, என், டி என்ற அதே ஐந்து எழுத்தை 'வூண்ட்' என்று வாசித்தால் காயம், 'வவுண்ட்' என்று வாசித்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாயிற்று.