பிள்ளைக்கு எழுத பழக்கணும்னா 'அ'-ல ஆரம்பிக்காதீங்க

நான் பண்ண தப்ப முதல்ல சொல்லிடறேன். பையனுக்கு நாலு வயசு, விஜயதசமிக்கு தட்டுல அரிசி பரப்பி அ போட வெச்சோம், மறுநாள்ல இருந்து சிலேட்ட குடுத்து தினமும் அ அ அ-ன்னு எழுத சொன்னேன், ஒரே வாரத்துல சிலேட்ட பார்த்தாலே பாட்டி முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சிக்குவான். அ சொல்றதுக்குதான் சுலபம், எழுதப் போனா சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்துல வருது, பிஞ்சு விரலுக்கு அது பெரிய வேலை.

அதனால ட, ப, ம. இந்த மூணு போதும் ஆரம்பத்துக்கு. மேல இருந்து கீழ ஒரு கோடு, அப்படியே வலது பக்கம் இழுத்தா ட. அதையே மேல தூக்குனா ப. கூட ஒரு வளைவு சேர்ந்தா ம.

பென்சில் உடனே வேண்டாம். ஒரு தாம்பாளத்துல ராகிய கொட்டி விரலால எழுத விடுங்க, தப்பா போனா தட்ட ஆட்டுனா அழிஞ்சிடும், பிள்ளைக்கு பயமே இருக்காது. புளி தட்டுற வீடா இருந்தா கொட்டை நிறைய இருக்கும், தரையில சாக்பீஸால பெருசா ப போட்டு அது மேல ஒவ்வொரு கொட்டையா அடுக்க சொல்லுங்க, கொட்டைய பொறுக்குற அதே மூணு விரல்தான் நாளைக்கு பென்சில் பிடிக்கப் போகுது. வாயில மூக்குல போட்டுக்கற வயசுன்னா பக்கத்துலயே உக்காருங்க. அப்புறம் சின்னதா உடைஞ்ச சாக்பீஸ் குடுங்க, துண்டா இருந்தா முஷ்டியில பிடிக்க முடியாது, விரல்லதான் பிடிச்சாகணும். தினமும் பத்து நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்.

மூணு எழுத்து வந்ததும் உடனே வார்த்தைக்கு போயிடுங்க, 247-ம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. புள்ளி வெக்க சொல்லிக் குடுத்தா படம், மடம், பட்டம். ர சேர்த்தா மரம். கால் போட தெரிஞ்சா மாமரம்! நம்ம கிருஷ்ணகிரி பக்கத்து பிள்ளைக்கு அத விட தெரிஞ்ச வார்த்தை என்ன இருக்கு, அவன் எழுதி முடிச்சதும் வெளிய கூட்டிட்டு போய் மரத்தையே காட்டுங்க.

பஸ் ஸ்டாண்டும் நல்ல பள்ளிக்கூடம்தான். பாலக்கோடு, பென்னாகரம், பர்கூர், பாப்பாரப்பட்டி எல்லாமே ப வரிசைதான், போர்டுல ப எங்கன்னு தேட சொல்லுங்க.

நிஜமான கஷ்டம் கொம்புலதான் வரும். பெ-ன்னு சொல்லும்போது காதுக்கு ப முதல்ல கேக்குது, எழுதும்போது கொம்பு முன்னாடி நிக்குது, அதனால பிள்ளை ப-வ எழுதிட்டு கொம்புக்கு இடமில்லாம முழிக்கும், இது மக்குத்தனம் இல்ல, கேட்ட வரிசையில எழுதுறான் அவ்வளவுதான். அட்டையில கொம்பு தனியா, ப தனியா வெட்டி குடுங்க, கையால நகர்த்தி வெக்கட்டும். ஒத்தைக் கொம்பு நல்லா பழகினப்புறம் ரெட்டைக் கொம்பு, பாலக்கோட்டுல வர்ற கோ மாதிரி ரெண்டு பக்கமும் நிக்கறது கடைசியில.

தாத்தா பாட்டி சொல்லிக் குடுத்தா ஒண்ணு கவனிங்க, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி படிச்சவங்க லை, னை-க்கு தும்பிக்கை மாதிரி வளைச்சு போடுவாங்க, புத்தகத்துல வேற மாதிரி இருக்கும், பிள்ளை குழம்பும். ஓசூர் பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற பிள்ளைன்னா முதல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிட்டு அப்புறம் எழுத வெயுங்க. இடது கையில எழுதினா மாத்தாதீங்க. எழுத்த கண்ணாடியில பார்க்கற மாதிரி திருப்பிப் போட்டாலும் இந்த வயசுல சகஜம்.

எழுதுனது எதுக்காவது உபயோகப்படணும். சமையல் டப்பாவுல ஒட்ட பேர் எழுத சொன்னேன், 'உபபு'ன்னு எழுதி ஒட்டிட்டான். சிவப்பு பேனா எடுக்கல, இருக்கறபடியே "உ-ப-பு"ன்னு சத்தமா படிச்சேன். கேட்டுட்டு ஒரு நிமிஷம் நின்னான், "அம்மா புள்ளி!"ன்னு ஓடிப்போய் அவனே வெச்சுட்டு வந்தான்.