மூழ்கியவரைக் கரையேற்றியதும் நாம் செய்யும் தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சோ, பண்ருட்டிப் பக்கத்து வயல் கிணறோ, ஆளைத் தூக்கிக் கரையில் போட்டதும் கூட்டத்திலிருந்து வரும் முதல் குரல் ஒன்றுதான்: "வயித்த அமுக்குங்க, தண்ணி வெளிய வரட்டும்!" அமுக்கவே கூடாது.

மூழ்கியவரின் உயிரைப் பறிப்பது வயிற்றுத் தண்ணீர் அல்ல, மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாததுதான். நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான்; அதை அமுக்கி எடுக்க முடியாது. வயிற்றை அமுக்கினால் மேலே வருவது குடித்த தண்ணீரும் தின்ற சோறும். அது நேராக மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். தோளில் கவிழ்த்துப்போட்டு ஓடுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாம் இதே வகை. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, இதில் வீணாகும் நிமிடங்கள். மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். கடற்கரையில் சரிவான மணலாக இருந்தால் தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கரையோரத்துக்கு இணையாகக் கிடத்துங்கள். புதையும் காய்ந்த மணலைவிட, அலை எட்டாத இறுகிய மணல் நல்லது. தட்டிக் கூப்பிடுங்கள். நெற்றியில் ஒரு கை, தாடையில் இரு விரல் வைத்துத் தலையைப் பின்னே சாய்த்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்குள் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எப்போதாவது ஒருமுறை கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து இழுப்பது மூச்சு அல்ல. அதை மூச்சு நின்றதாகவே கொள்ளுங்கள்.

இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் அதே எண்தான். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாரடைப்புக்குச் சொல்லித்தரும் "நெஞ்சை மட்டும் அழுத்து" முறையை இங்கே அப்படியே பின்பற்றுவது அடுத்த தவறு. மாரடைப்பில் விழுந்தவரின் ரத்தத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். மூழ்கியவருக்கு அது தீர்ந்துபோயிருக்கும். அதனால் முதலில் காற்று. மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும் அளவுக்கு ஒவ்வொன்றும் ஒரு விநாடியாக 5 முறை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மெதுவாக ஊத வேண்டும். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவே உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம். பிறகு 2 ஊதல். இப்படியே மாறி மாறித் தொடருங்கள். குழந்தைக்கு ஆழம், மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஊத முடியாவிட்டால் அழுத்தம் மட்டுமாவது கொடுங்கள், சும்மா நிற்பதைவிட மேல்.

வாயிலிருந்து நுரை பொங்கும். துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், அதன் மேலேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் உடம்பை மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்பி, வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி (AED) கிடைத்தால், அதன் பட்டைகளை ஒட்டுமுன் மார்பைத் துடைத்து உலர்த்துங்கள்.

கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற பயத்தில் ஆளைத் தொடாமல் நிற்பதும் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் தலைகுப்புறக் குதித்தவரென்றால் கழுத்து திரும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காப்பாற்றப் போகிறேன் என்று குதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் கடலூர் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன சிறுமிகளும் பெண்களுமாக, மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களையும் சேர்த்து, 7 பேர் மூழ்கி இறந்தார்கள். நீச்சல் தெரிந்தாலும், உயிர் பயத்தில் தவிப்பவர் உங்களையும் கீழே அழுத்துவார். கயிறு, முறுக்கிய சேலை, நீளக் கழி, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் எதையாவது வீசுங்கள்.

மூச்சு திரும்பினால் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். டீ, சோடா எதுவும் வேண்டாம். "எழுந்து உட்கார்ந்துட்டான்ல" என்று வீட்டுக்குக் கூட்டிப்போவது கடைசித் தவறு. இருமல், மூச்சிறைப்பு சில மணி நேரம் கழித்தும் கூடலாம்; அரசு மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையோ, அருகில் இருப்பதற்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார், எப்போது ஊதத் தொடங்கினீர்கள், வாந்தி எடுத்தாரா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.